சாவி உள்ளே இருந்தது

கதவு திறந்தே கிடந்தாலும் அக்கா தட்டுவார். மூன்று தட்டு. பிறகு கையை இறக்கிக்கொண்டு நிற்பார். உள்ளிருந்து "வாங்க" என்று ஒரு சொல் வந்தால்தான் நிலைப்படியைத் தாண்டுவார். வராவிட்டால் நின்றுகொண்டே இருப்பார். ஒருநாள் காலை நான் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தது தெரியாமல், கோப்பியும் கையுமாக என் அறை வாசலில் நின்றிருக்கிறார். ஈரத்தலையோடு நான் வந்து பார்த்தபோது கோப்பியில் ஆடை படிந்திருந்தது.

"உள்ள வச்சிட்டுப் போயிருக்கலாமே அக்கா."

"நீங்க வரச் சொல்லலியே தங்கச்சி" என்றார். குறையாகச் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்பதைப்போல் சொன்னார்.

அரிசி வைத்திருந்த ஸ்டோர் ரூமையும் தட்டிவிட்டுத்தான் திறப்பார். அங்கே யார் வந்து "வாங்க" என்று சொல்வார்கள் என்று கேட்டேன். "எலி இருக்கும், பல்லி இருக்கும். அதுங்களும் கொஞ்சம் ஒதுங்கிக்கட்டுமே லா" என்றார்.

இப்படிப்பட்ட மனுஷியை நான் எட்டு மாதம் ஒரு சிறைக்காவலாளி என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு நாவல் காரணம். மிச்சத்துக்கு நானே காரணம்.

பள்ளியில் ஆறாம் படிவத்தில் ஆங்கில இலக்கியப் பாடத்துக்கு எங்களுக்கு ஒரு தடித்த நாவல் இருந்தது. மூடுபனியில் நிற்கும் ஒரு கோட்டை. அங்கே வேலைக்கு வரும் ஓர் ஏழை அனாதைப் பெண். யாரோடும் பேசாத ஒரு பிரபு. வடக்குக் கோபுரத்தில் பூட்டிய கதவு. உள்ளே, செத்துவிட்டதாக ஊர் நம்பும் பிரபுவின் மனைவி. சாவிக்கொத்தோடு உலவும் ஒரு கடுகடுத்த வேலைக்காரி. கடைசியில் புயல் வந்து கோபுரம் இடிந்து மனைவி சாக, அனாதைப் பெண் பிரபுவைக் கல்யாணம் செய்துகொள்வாள். தேர்வுக்கு ஒரு முறை படித்தால் போதும். நான் நான்கு முறை படித்தேன். தேர்வு முடிந்த பிறகும் இரண்டு முறை.

எழுபதுகளின் கடைசியில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் எனக்குத் தட்டச்சு வேலை கிடைத்தது. தங்குவதற்கு ஜார்ஜ் டவுனில், தெரிந்தவர் ஒருவர் மூலமாக, யாழ்ப்பாணத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், ஒருவரின் பங்களாவில் கீழறை அமைந்தது. இரும்புக் கேட், பாசி பிடித்த தூண்கள், கூரையில் புறாக்கள். சமையலும் வீட்டு வேலையும் அக்கா. கேட்டைத் தாண்டியதுமே என் கதை தொடங்கிவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

சில சிரமங்கள் இருந்தன. பினாங்கில் மூடுபனி கிடையாது. அதனால் கொசுமருந்துப் புகை அடிக்க வண்டி வரும் நாளில் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, புகைக்கு நடுவே தொலைதூரத்தைப் பார்த்து இருமினேன். நாயகி அனாதையாக இருக்க வேண்டும். எனக்கோ அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் ஆறு பேர் எல்லோரும் கடலுக்கு அக்கரையில் சுங்கை பாக்காப்பில் நலமாக இருந்தார்கள். மாதம் தவறாமல் முறுக்கு கொடுத்தனுப்பினார்கள். அந்த முறுக்கை ஓர் அனாதையைப்போல் சன்னலோரம் தனியாக உட்கார்ந்து தின்றேன்.

பிரபு மட்டும் கச்சிதமாக அமைந்தார். வீட்டுக்கார ஐயாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். உயரம், முன்நெற்றியில் நரை, சாப்பாட்டு மேசையில் ஒரு சொல் கிடையாது. சாயங்காலங்களில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி தோட்டத்தில் முன்னும் பின்னும் நடப்பார். ஏதோ ஒரு பழைய பாவம் அவரைத் தின்கிறது என்று நினைத்தேன். வயிற்றுப்புண் என்றும், சாப்பிட்டதும் நடக்கச் சொன்னவர் டாக்டர் என்றும் பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் நான் அவரை மூன்று மாதம் காதலித்து முடித்திருந்தேன்.

மாடியில் ஆள் இருந்தது. என் அறைக்கு நேர் மேலே மதியங்களில் கடகடவென்று ஒரு சத்தம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். சங்கிலி என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. தினமும் மூன்று வேளை அக்கா தட்டோடு மாடிப்படி ஏறுவார். மேலே மூன்று தட்டு கேட்கும். பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்காது. சில நாள் அரைமணி நேரம்கூட.

"மேல யாரு அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அம்மா. ஐயா சம்சாரம்."

"ஏன் கீழ வர்றதில்ல?"

"அவங்களுக்கு வரணும்னு தோணல" என்று சொல்லிவிட்டு, கீரையை ஆயத் தொடங்கினார்.

அந்தப் பதிலை எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தாலும் ஒரே பொருள்தான் எனக்குக் கிடைத்தது. தொழிற்சாலை பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு அக்காவின் முகத்தை மனத்துக்குள் மெல்ல மெல்லக் கடுகடுப்பாக்கினேன். அவர் இடுப்பில் சாவிக்கொத்து இல்லை. ஒளித்து வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மதியம். ஐயா அலுவலகத்தில். அக்கா பசாருக்குப் போயிருந்தார். மேலே சங்கிலி ஓடிக்கொண்டிருந்தது. தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு படியேறினேன். ஏன் அவிழ்த்துவிட்டேன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

கதவில் காதை வைத்தேன். "பயப்படாதீங்க! நான் உங்களக் காப்பாத்த வந்திருக்கேன்" என்றேன்.

சத்தம் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு மெல்லிய குரல், "ஆர் அது?"

"கீழ குடியிருக்கிற பொண்ணு. கதவு பூட்டியிருக்கு. சாவி எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க!"

"சாவி என்னட்டத்தான் இருக்கு" என்றது குரல்.

மூளை உள்ள எவரும் அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கீழே இறங்கியிருப்பார்கள். எனக்கோ, பல வருடக் கொடுமையில் பாவம் புத்தி பேதலித்துவிட்டது என்று தோன்றியது. தோளால் கதவை முட்டினேன். இரண்டாவது முட்டில் திறந்துகொண்டது. என் வீரம் அல்ல, கறையான். பூட்டு கதவிலிருந்து பெயர்ந்து வாசலில் விழுந்தது. நானும் விழுந்தேன்.

வெளிச்சமான, துப்புரவான அறை. சன்னலோரம் ஒரு தையல் மெஷின். ஊசிக்கடியில் பாதி தைத்த நீல ரவிக்கை. அக்கா உடுத்தும் ரவிக்கைகள் ஏன் அவ்வளவு அழகாக உடம்பில் உட்கார்ந்தன என்று அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்தது. மற்றவை புரிவதற்குள், வெள்ளை வாயில் புடவை கட்டியிருந்த ஓர் அம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு அலறத் தொடங்கிவிட்டார். அந்த அலறலை எந்த நாவலிலும் நான் படித்ததில்லை. எழுந்து கீழே ஓடினேன். மேலே அலமாரியை இழுத்துக் கதவில் சாத்தும் சத்தம் கேட்டது.

அக்கா பசாரிலிருந்து வந்தார். நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டார். திட்டவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு மேலே போனார். மூன்று தட்டு. அன்று சாயங்காலம்வரை தட்டும் பதிலில்லாத நேரமுமாகவே கழிந்தது.

மறுநாள் சமையலறையில்தான் எனக்கு விவரம் சொன்னார். அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே இறந்து பிறந்திருக்கின்றன. மூன்றாவதுக்குப் பிறகு மாடிக்குப் போய் உள்ளே பூட்டிக்கொண்டவர்தான். ஐயா கெஞ்சியிருக்கிறார், சத்தம் போட்டிருக்கிறார், பிறகு பேசுவதையே விட்டுவிட்டார். அக்கா வேலைக்கு வந்த முதல் வருடம், தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனால்தான் கதவு திறக்கும். இரண்டாவது வருடம் கை நுழையும் அளவுக்குத் திறந்தது. ஆறு மாதமாக வெள்ளிக்கிழமைகளில் உள்ளே கூப்பிட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்துவிடச் சொல்கிறார்.

"அஞ்சு வருசம் தங்கச்சி" என்றார்.

அம்மா சாப்பிடவில்லை. இரண்டாம் நாளும் தட்டு அப்படியே திரும்பி வந்தது. ஐயா படிக்கட்டின் கீழே நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், "நாளைக்கும் சாப்பிடாட்டி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகவேணும். எனக்கு வேற வழி தெரியேல்லை" என்றார். அந்தக் குரலில் பிரபு யாரும் இல்லை. களைத்துப்போன ஒரு கிராணி இருந்தார்.

அவர் போனதும் அக்கா முதல்முறையாகக் கலங்கியதைப் பார்த்தேன். "அந்த ஆஸ்பத்திரியில கதவுக்கு வெளியிலதான் தாழ்ப்பா" என்றார்.

ஐயாவின் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு மேலே போய், பெயர்ந்த பூட்டைத் தானே பொருத்தினார். உள்ளே ஆள் இருக்க, ஒவ்வொரு திருகுக்கும் "இப்ப இதப் போடறேன் அம்மா" என்று சொல்லிச் சொல்லிப் போட்டார். அறையில் கீழே விழுந்திருந்த சாவி கதவருகே இடுக்கில் தெரிந்தது. அதை விரலால் உள்பக்கமாகத் தள்ளிவிட்டார். சற்று நேரத்தில் அலமாரி நகர்ந்தது. பூட்டு உள்ளிருந்து பூட்டிக்கொண்டது. அக்கா பெருமூச்சு விட்டார்.

"நான் என்ன செய்யட்டும் அக்கா?"

"உங்களுக்கு என்ன தெரியும்?"

யோசித்துப் பார்த்தேன். வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரியும். ஒரு நாவல் தெரியும். "ஒரு கத தெரியும்" என்றேன்.

"அப்ப படியில உக்காந்து அதச் சொல்லுங்க. உங்க சத்தம்னா அவங்களுக்கு இப்பப் பயம். இது பயப்படுற சத்தமில்லன்னு தெரியணும்."

அப்படித்தான் நான் மேல்படியில் உட்கார்ந்து, மூடிய கதவைப் பார்த்து, அந்தக் கோட்டைக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அக்கா எனக்கு ஒரு படி கீழே உட்கார்ந்து நெத்திலித் தலை கிள்ளினார். மூடுபனி, அனாதைப் பெண் எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கோபுரத்து மனைவி வந்ததும் கையை நிறுத்தினார்.

"அந்தம்மா எத்தன வருசம் மேல இருந்தாங்க?"

"பன்னண்டு."

"சோறு யாரு கொண்டு போனது?"

"அந்த வேலைக்காரிதான். சாவிக்கொத்து வச்சிருப்பாளே, அவ."

"அவளுக்குப் புள்ளகுட்டி இருந்திச்சா?"

தெரியவில்லை. நாவலில் அவளுக்கு முகச்சுளிப்பும் சாவிக்கொத்தும் மட்டும்தான் இருந்தன. ஆறு முறை படித்த எனக்கு அவள் எங்கே தூங்கினாள் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை.

"பன்னண்டு வருசம் மூணு வேள படியேறியிருக்கா. அவளப் பத்தி ஒண்ணுமே போடலியா?" என்றார் அக்கா. "எழுதினவங்க வீட்டுல வேற யாரோ சமைச்சிருப்பாங்க."

அப்போதுதான், எட்டு மாதம் ஒரே கூரையின் கீழ் அவர் கையால் சாப்பிட்ட பிறகு, உங்கள் வீடு எங்கே என்று அவரைக் கேட்டேன். சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் என்றார். என் முறுக்குப் பொட்டலத்துக் காகிதத்தைப் பார்த்தே நானும் அந்தப் பக்கம்தான் என்று முதல் மாதமே தெரியுமாம். புருஷன் இல்லை. ஒரு மகள். அக்காவின் சொந்தத் தங்கச்சி வீட்டில் வளர்கிறாள். "எங்க லயத்து வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளே கெடையாது. குடிச்சிட்டு வர்றவன் ஒதச்சுத்தான் தொறப்பான். உள்ள இருக்கிறவளுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, "சரி, மேல சொல்லுங்க" என்றார்.

புயல் நெருங்கியது. அக்கா என் முட்டியைத் தொட்டு, மெதுவாக, "அந்தம்மா செத்திடுமா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

"இங்க சாகக்கூடாது."

எனக்குக் கற்பனை வளம் உண்டு என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். இரண்டே நிமிடத்தில் அதன் கொள்ளளவு தெரிந்துபோனது. வேறு வழி தெரியாமல் கோபுரத்து மனைவியைப் படுக்கை விரிப்புகளை முடிந்து கயிறாக்கி இறங்க வைத்தேன். துறைமுகத்துக்கு ஓட வைத்தேன். கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கினேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு தையல் கடை வைத்துக் கொடுத்தேன். பசிக்கும் என்று எதிர்க்கடையில் நாசி கண்டார் சோறு வாங்கித் தந்தேன். இங்கிலாந்துப் பிரபுவின் மனைவிக்குக் காரம் தாங்குமா என்று குழம்பி நின்ற நேரத்தில், கதவுக்குப் பின்னால், மிக அருகில் குரல் கேட்டது.

"கோபுரம் எத்தனை அடி உயரம் எண்டு சொன்னீர்?"

"அறுபதடி" என்றேன்.

"ஒரு விரிப்பு ஆறடி. பத்து விரிப்பு வேணும். முடிச்சுக்கு இன்னும் ரெண்டு. ஒராள் படுக்கிற கட்டிலுக்கு ஆர் பன்னிரண்டு விரிப்பு வச்சிருப்பினம்?"

"யாரும் வச்சிருக்க மாட்டாங்க" என்று ஒப்புக்கொண்டேன்.

பிறகு, "நீளமாக் கிழிச்சுத் தைச்சிருக்கலாம். மூண்டு விரிப்பு காணும். அவவிட்ட ஊசி இருந்ததோ?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா, "இருந்திச்சும்மா" என்றார். "நான் கொண்டு போய்க் கொடுத்தேன்."

நெத்திலியைச் சுற்றி ஓர் ஈ பறந்தது.

"கஞ்சி கொண்டு வரவாம்மா?" என்று அக்கா கேட்டார்.

"உப்பைக் கூடப் போட்டிடாதேங்கோ" என்றது குரல்.

இதன் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம், ஆனால் நடந்தபோது அவை வேகமாக நடக்கவில்லை. அம்மா கதவைத் திறந்துவைத்து உட்கார ஐந்து மாதம். மேல்படிக்கு வர இன்னும் நான்கு. நான் கதை சொல்வதை மட்டும் நிறுத்த முடியவில்லை. தையல் கடைக்காரிக்கு அம்மா தினமும் புதுப்புதுச் சிக்கல் கேட்டார், என் ஓட்டைகளை அடைத்தும் தந்தார். இரண்டாம் வருடம் ஒரு காலையில், நாங்கள் பசியாறிக்கொண்டிருந்தபோது, சமையலறை வாசலில் வந்து நின்றார். ஐயா கையிலிருந்த ரொட்டி தேநீரில் விழுந்தது. அதை எடுக்காமலே அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அந்த வருடக் கடைசியில் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் அவர் தங்கச்சி பெயரும் தங்கச்சி புருஷன் பெயரும் பெற்றோர் இடத்தில் இருந்தன. அக்கா அதை மேசைமேல் வைத்தார். அம்மா அதை இரண்டு முறை படித்தார். "பெண்ணுக்கு ரவிக்கை நான் தைக்கிறன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நானும் வாறன்" என்றார்.

ஐயாவின் மோட்டார் காடியில் போனோம். ஃபெரியில் கடல் தெரிந்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்தவர், சுங்கை பாக்காப்வரை விடவில்லை. தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு மூலையைச் சேலைகட்டி மறைத்து, பெண்ணை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். அக்கா அந்தச் சேலைக்கு முன்னால் போய் நின்றார். தட்டுவதற்குக் கதவு இல்லை. பாதி தூக்கிய கையோடு நின்றார்.

உள்ளிருந்து பெண், "வந்திட்டியாம்மா? வெளிய நின்னது போதும். உள்ள வா" என்றாள். பாசமா கோபமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அக்கா நுழைந்தார். பின்னாலேயே அம்மாவும் நானும்.

பெண் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதானா அது?"

"ஓம்" என்றார் அம்மா. "உன்ர அம்மாவை ஏழு வருஷம் நான் வச்சிருந்திட்டன்."

மண்டபத்துப் பெண்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு ஏதாவது சொல்லி நிலைமையைச் சரிசெய்ய வேண்டும் என்று துடித்தது. நல்லவேளையாக ஒன்றும் தோன்றவில்லை. பெண் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"ரவிக்கைக் கை கொஞ்சம் புடிக்குது" என்றாள்.

"கழட்டித் தா. பிரிச்சுத் தாறன்."

அத்தனை முகங்களுக்கு நடுவே, பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, யாரோ கொடுத்த ஊசியை வாங்கி, அம்மா அந்தக் கையைப் பிரித்துத் தைத்தார். நூல் கோக்கத்தான் மூன்று தடவை தவறியது. அக்கா மகளின் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டு, அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாலி கட்டி முடிந்து நாங்கள் கிளம்பும்போது, பெண் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "நாலு நாள் இருந்திட்டுப் போம்மா."

அக்கா எங்களைப் பார்த்தார். ஏழு வருடத்தில் அவர் எங்களிடம் எதையும் கேட்டதில்லை. அப்போதும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

"இருங்கோ" என்றார் அம்மா. "நாலு நாள் எண்டு கணக்கு வேண்டாம். இருங்கோ."

அக்கா இருந்துவிட்டார். பேரப்பிள்ளைகள் பிறந்தன. அவ்வப்போது எங்களைப் பார்க்க வருவார், விருந்தாளியாக. கோப்பி போட எழுந்தால் அம்மா விடமாட்டார்.

கல்யாணத்தன்று பங்களாவுக்குத் திரும்பியபோது சாயங்காலம் நான்கு மணி இருக்கும். மூன்று பேருக்கும் தேநீர் வேண்டும்போல் இருந்தது. நான் தண்ணீர் சுட வைத்தேன். ஐயா தேயிலை டப்பாவைக் கண்டுபிடித்தார். சீனி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று பேரும் படித்தவர்கள், மூன்று பேரும் அந்தச் சமையலறையில் எல்லா அலமாரியையும் எல்லாப் புட்டியையும் திறந்து மூடினோம். உப்பு இருந்தது, மிளகு இருந்தது, பெயர் தெரியாத வேர்கள் இருந்தன. சீனி இல்லை. தீர்ந்துபோயிருக்க வேண்டும். அதை வாங்கி வருபவர் சுங்கை பாக்காப்பில் இருந்தார்.

கசப்புத் தேநீரை மேசையில் வைத்து உட்கார்ந்தோம். ஐயா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "பரவாயில்லை" என்றார்.

அம்மா கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சன்னல் வழியே கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல், "நாளைக்குக் காலமை நான் பசாருக்குப் போய்ச் சீனி வாங்கி வாறன்" என்றார்.

நானும் கூட வருகிறேன், பயப்படாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு தேநீரைக் குடித்தேன்.